தராசுக் கொட்டகை வெள்ளிக்கிழமைகள்

விடுதியின் பின்கட்டில் குழாய் முழுக்கத் திறந்து கிடந்தது. அதன் அடியில் மதினி உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் தலையில் விழுந்து, சேலையை நனைத்து, சிமிண்டுத் தரையில் ஓடி, சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. கையில் ஒரு கஞ்சித் தட்டு. தேய்த்துக் கழுவ எடுத்த தட்டைக் கழுவாமலேயே மடியில் வைத்திருந்தாள். விருதுநகரில் அந்த நாளில் குழாயை அப்படித் திறந்து விட யாருக்கும் மனம் வராது. தண்ணீர் வருகிற நாளில் குடத்தை நிரப்புவதற்கே தெருவெல்லாம் சண்டை நடக்கும். அதனால் நான் முதலில் பார்த்தது தண்ணீரைத்தான், மதினியை அல்ல. ஓடிப்போய்க் குழாயை அடைத்துவிட்டு, "தண்ணி வீணாப் போகுதே மதினி" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழுத முகம் இல்லை. வெறும் முகம்.

"எந்திரிக்க முடியல நர்ஸம்மா. கைகாலு என்னுது மாதிரியே இல்ல."

உள்ளே கூடத்திலிருந்து யாரோ ஒரு கிழவர் இருமிக்கொண்டே கூப்பிடுவது கேட்டது. எந்தக் குரலுக்கும் முதலில் எழுந்து போகிறவள் அவள்தான். அன்றைக்கு அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற சாலையில், ஒரு காலத்தில் பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்த கட்டடத்தை வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஆதரவற்றோர் விடுதியாக்கியிருந்தார்கள். பெண்களுக்கு ஒரு கூடம், ஆண்களுக்கு ஒரு கூடம். மழை பொய்த்த கரிசல் கிராமங்களில் பிள்ளைகள் விட்டுவிட்டுப் போன கிழவன் கிழவிகள், தீப்பெட்டி செய்கிற ஆபீசிலும் வெடி வேலையிலும் கண்ணோ கையோ போய் வீட்டுக்குப் பாரமானவர்கள், பேர் ஊர் தெரியாமல் ரயிலடியில் கிடந்தவர்கள் என்று பலரும் அங்கே இருந்தார்கள். கிட்டங்கியின் சுவர் விரிசல்களில் பஞ்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். காற்று திரும்பினால் மிளகாய் வற்றல் கிட்டங்கிகளிலிருந்து நெடி வந்து எல்லாரையும் ஒருசேரத் தும்ம வைக்கும். நான் மதுரையில் நர்சு படிப்பை முடித்துவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்தவள். டாக்டர் வாரத்தில் ஒருநாள் எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் நானும் ஆயாமார்களும்தான்.

மதினியை எல்லாரும் மதினி என்று கூப்பிட்டதற்குக் காரணம் சமையல்காரர். அவருக்கு அவள் அண்ணன் முறையுள்ள ஒருவரின் மனைவி. அவர் கூப்பிட்டதே எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது. படுக்கையில் கிடந்த கிழவர்கள்கூட அவளை மதினி என்பார்கள். அவளும் சளைக்காமல், "என்ன கொழுந்தனாரே, இன்னைக்கு மாப்பிள்ளை மாதிரி மினுங்குதீக" என்று தாடியைத் தடவிவிட்டுத்தான் முகம் துடைப்பாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருக்கலாம். திருத்தங்கலில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவள். ஒருநாள் குச்சி அடுக்கும் மரச்சட்டத்தில் தீப்பிடித்து இடது முன்கை முழுக்க வெந்துபோயிற்று. புருஷன் அதற்கு முன்பே இறந்துவிட்டார். ஆறின கையோடு மறுபடியும் தீக்குச்சி மருந்தின் வாடைக்குள் போகப் பயந்துதான் விடுதிக்கு வந்தாள். அந்தக் கையின் தோல் சுருங்கிப் பளபளப்பாக இருக்கும். குளிக்க வைக்கும்போது வெந்நீரின் பதம் பார்ப்பதற்கு அந்தக் கையைத்தான் நனைப்பாள். "இதுக்குத் தாங்குச்சுன்னா யாருக்கும் தாங்கும்" என்பாள்.

அப்படிப்பட்டவள் குழாயடியில் உட்கார்ந்துபோனது ஒருநாளில் நடந்த காரியம் அல்ல. இன்றைக்கு யோசித்துப் பார்த்தால் அதற்கு முந்தைய கோடை முழுக்க அடையாளங்கள் தெரிந்துகொண்டுதான் இருந்தன. அந்த வருஷம் வெயிலோடு பேதியும் சேர்ந்துகொண்டு பலரைக் கொண்டுபோயிற்று. ஒருவர் இறந்தால் முனிசிபாலிட்டி வண்டி வரும். நாங்கள் துணியைச் சுற்றி ஏற்றிவிடுவோம். கட்டிலைப் பினாயில் போட்டுக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்தால் சாயங்காலத்துக்குள் அதில் வேறொருவர் படுத்திருப்பார். மாதக்கணக்கில் வாயில் ஊட்டி, மலம் அள்ளி, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டு, கோபத்தையும் கொஞ்சலையும் பழகிக்கொண்ட ஆளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட நேரமும் கிடையாது, இடமும் கிடையாது. அழுதால் மானேஜர் ஐயா, "என்ன, உனக்கு ஒறவா ஒட்டா?" என்று கேட்பார். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவரை முதலாளிமார்கள் இங்கே உட்கார்த்தி வைத்திருந்தார்கள். கட்டில் காலியானால் நிரப்ப வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த விடுதி.

ஆயாமார்களில் ஒருத்தி வீட்டுக்குப் போனதும் பெற்ற பிள்ளையைப் போட்டு அடிக்கிறாள் என்று பேச்சு வந்தது. இன்னொருத்தி சாப்பாட்டில் கை வைத்தாலே புண்ணின் வாடை வருகிறது என்று சோற்றை ஒதுக்கினாள். எல்லாருக்கும் மூத்தவளான பெரியக்கா ஏற்கெனவே பேச்சு குறைந்தவள்; அவள் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டாள். மதினி கேலி பேசுவதை நிறுத்தினாள். நான் இதையெல்லாம் வெயில் என்று நினைத்தேன். உடம்பின் களைப்புக்குத்தான் நான் படித்த படிப்பில் மருந்து இருந்தது.

பெண்கள் கூடத்தில் கண் தெரியாத கிழவி ஒருத்தி இருந்தாள். சாத்தூர்ப் பக்கம். கூடத்தில் யார் நடந்தாலும் காலடிச் சத்தத்தைக் கேட்டு, "ஏ தாயி… ஏ தாயி…" என்று கூப்பிடுவாள். போய் என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் இராது. விலகினால் மறுபடியும் கூப்பிடுவாள். காலையில் தொடங்கினால் பொழுது சாய்கிறவரைக்கும் அந்தக் குரல்தான். அவளுக்குத் தாயிக் கிழவி என்றே பேராகிவிட்டது. மற்றவர்கள் காதில் வாங்காமல் நடக்கப் பழகிவிட்டார்கள். மதினி மட்டும் ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் போவாள். கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கனதான இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வருவாள்.

ஒருநாள் பகலில் மூன்று பேருக்குப் பேதி. ஒரு ஆயா வரவில்லை. மதினி ஒருத்தருக்குத் துணி மாற்றிவிட்டு நிமிர்வதற்குள் அடுத்தவர். கிழவி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மதினி கையிலிருந்த துணியைத் தரையில் எறிந்துவிட்டுக் கட்டிலருகே போய் நின்று, கூடமே கேட்கக் கத்தினாள்.

"செத்துத் தொலைய மாட்டியா நீ? ஒரேயடியாச் செத்துத் தொலையேன்!"

கூடம் அமைதியாகிவிட்டது. கிழவியும் அடங்கினாள். அதற்குப் பிறகு அவள் யாரையும் கூப்பிடவில்லை. மறுநாள் கஞ்சி கொடுத்தால் வாயைத் திறந்தாள். திருப்பிப் படுக்க வைத்தால் படுத்தாள். அதற்கடுத்த நாள் காலையில் மதினி கஞ்சித் தட்டோடு போய் எழுப்பும்போது உடம்பு சில்லிட்டிருந்தது. வயதான உடம்பு, பேதி வேறு. நான் பார்த்தவரையில் அது வரவேண்டிய மரணம். வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனபின்புதான் நான் பின்கட்டுக்குப் போனேன். மதினியின் மடியில் இருந்தது அந்தக் கஞ்சித் தட்டு.

அன்றைக்கு வீட்டுக்குப் போனவள் மறுநாள் வரவில்லை; அடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு மானேஜர் ஐயா வேறு ஆள் தேடச் சொன்னார். நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியபோது, யாரும் கேட்காமலேயே பெரியக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என் பின்னால் வந்தாள்.

எண்ணெய்ச் செக்குகளுக்குப் பின்னால் இருந்த சந்தில் மதினிக்கு ஒரு அறை. சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும், "வாங்க, உக்காருங்க" என்றாள். அந்த நிலையிலும் எங்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கிழவியின் நாடி முன்பே தளர்ந்திருந்தது, பேதியில் உடம்பில் நீர் வற்றிவிட்டது, நீங்கள் சொன்னதற்கும் அவள் செத்ததற்கும் சம்பந்தம் இல்லை என்றேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் சொன்னதில் ஒரு சொல்கூட அவளுக்குள் போகவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"நீங்க சொல்றது சரிதான் நர்ஸம்மா. ஆனா அவ அம்புட்டுத் தடவ கூப்புட்டா. நான் சொன்ன பெறகு கூப்புடவே இல்லியே. எம் பேச்சக் கேட்டுத்தான கூப்புடல?"

செக்கில் மாடு சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது பெரியக்கா பேசினாள். அவள் குரலை நான் அவ்வளவு நீளத்துக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"நீ ஒருநா வாய் விட்டுச் சொல்லிட்ட. நான் தெனமும் நெனச்சேன் தாயி. ஒவ்வொரு கட்டிலாக் கடக்கையில, இது எப்பம் போகும், இது எப்பம் போகும்னு எண்ணிக்கிட்டே நடந்தேன். போனா ஒரு கட்டிலு வேலை கொறையும்ல. அப்பறம் வீட்டுக்கு வந்து தலையில தண்ணிய ஊத்திக்கிட்டு, நானெல்லாம் மனுசியான்னு உக்காந்திருப்பேன். உன்னயச் சொன்னா என்னயவும் சொல்லணும்."

மதினி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த வெந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். பெரியக்கா நகர்ந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தேற்றவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் அவளும் அழுதாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கொண்டுபோன நியாயமெல்லாம் செய்யாததை அந்தக் கிழட்டுப் பெண்ணின் வெட்கம் செய்துவிட்டது.

மதினி வேலைக்குத் திரும்பி வந்தாள். வந்த சில நாளில் என்னிடம் கேட்டாள்: "வாரத்துல ஒருநா, மத்தியானக் கஞ்சி கொடுத்த பெறகு, நாங்க எல்லாரும் ஒண்ணா கொஞ்சநேரம் உக்காந்தா என்ன நர்ஸம்மா? வேல ஒண்ணும் கெட்டுப்போகாதுல்ல?" கூடங்களை யார் பார்ப்பது என்றுதான் யோசனை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அதுதான் நான் செய்தது. அதற்கு மேல் அதில் என் பங்கு எதுவும் இல்லை.

கிட்டங்கியின் பின்பக்கத்தில் முன்பு பருத்தி மூட்டைகளை எடை போடுகிற கொட்டகை ஒன்று இருந்தது. பெரிய தராசு தொங்கிய கொக்கி மட்டும் உத்தரத்தில் மிச்சம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆயாமார்கள் அங்கே போய் வட்டமாக உட்காருவார்கள். சமையல்காரர் கருப்பட்டிக் காப்பி போட்டு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். நான் இரண்டு கூடத்துக்கும் நடுவில் நடந்துகொண்டிருப்பேன். தொடக்கத்தில் கொட்டகையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவர்களுக்கு உட்காரவே தெரியவில்லை என்று மதினி பிறகு சொன்னாள். கை சும்மா இருக்கக் கூச்சப்பட்டுக் கிழிந்த துணிகளைக் கொண்டுபோய் மடித்துக்கொண்டிருந்தார்களாம். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை அழுகைச் சத்தம் கேட்டது. இன்னொரு வெள்ளிக்கிழமை அப்படி ஒரு சிரிப்பு. ஆண்கள் கூடத்துக் கிழவர் ஒருவர் தலையைத் தூக்கி, "என்னம்மா, கல்யாண வீடா?" என்று கேட்டார்.

அவர்களுக்குள் சில கட்டுப்பாடுகள் வைத்துக்கொண்டார்கள். அங்கே பேசியதை வெளியே பேசக் கூடாது. ஒருத்தி சொல்லும்போது அடுத்தவள் புத்தி சொல்லக் கூடாது. அந்த வாரத்தில் யாராவது இறந்திருந்தால் முதலில் அவர்களைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "அந்தத் தாத்தா வெத்தல கேட்டு அடம் பிடிப்பாரு." "அந்தம்மா என் தலையில பேன் பாத்துவிடும்." அவ்வளவுதான். உறவு என்று வந்து அழ ஆளில்லாதவர்களுக்குக் கொட்டகையில் அப்படி ஒரு அழுகை நடந்தது. மனம் தாங்காவிட்டால் ஒப்பாரியும் வைப்பார்கள். தாயிக் கிழவிக்கு மதினி எப்போது சொன்னாள், என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை காலையில் அவள், "கொழுந்தனாரே, தாடி நரச்சாலும் மீசை நரைக்கலியே" என்று யாரையோ கேட்கிற சத்தம் ஆண்கள் கூடத்திலிருந்து வந்தது. நான் மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

பிள்ளையை அடித்துக்கொண்டிருந்தவள் அடிப்பதை விட்டாளா என்று தெரியாது; குறைத்தாள் என்று சொன்னார்கள். சோற்றை ஒதுக்கியவள் சாப்பிட்டாள். வேலை குறையவில்லை, கூலி கூடவில்லை, வெயிலும் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் காலையில் வேலைக்குள் நுழைகிறபோது அவர்கள் முகத்தைப் பார்க்க முடிந்தது.

கார்த்திகை கழிந்து ஒருநாள் மானேஜர் ஐயா என்னை அழைத்தார். ஊரெல்லாம் தீப்பெட்டி ஆபீசுகளிலும் ஆலைகளிலும் சங்கம், கொடி என்று பேச்சாக இருந்த சமயம். முதலாளிமார்களில் ஒருவர் வந்தபோது கொட்டகையில் பெண்கள் கூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார். "வாரா வாரம் ஒண்ணு கூடுதாகளாமே. வெளிய சொல்ல மாட்டோம்னு சத்தியம் வேறயாமே. இது எதுல போயி முடியும்னு எனக்குத் தெரியாதா?" என்றார் மானேஜர் ஐயா. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "அழுறதுக்குக் கூட்டம் போடுவாகளா? நம்புற மாதிரி சொல்லுங்க" என்று முடித்துவிட்டார். கொட்டகைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. கூடி நின்று பேசினாலே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார்.

இதைக் கேட்டபோது மதினி கோபப்படவில்லை. "பெரியக்காவ நெனச்சாத்தான் கலக்கமா இருக்கு" என்றாள். பெரியக்கா அன்றைக்கு மதினியின் அறையில் பேசியதோடு சரி. கொட்டகையில் எல்லார் சொல்வதையும் கேட்டுக்கொண்டிருப்பாளே தவிர, தன் முறை வந்தால் காப்பித் தம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருப்பாளாம். பூட்டுப் போட்டதற்கு முந்தின வெள்ளிக்கிழமை எல்லாரும் எழுகிற நேரத்தில், "என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. அடுத்த வெள்ளி சொல்லுதேன்" என்றாளாம். அந்த அடுத்த வெள்ளிதான் வரவில்லை.

கட்டிலோரத்திலோ கிணற்றடியிலோ கேட்டுப் பார்த்தாள் மதினி. பெரியக்கா தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டாள். சொல்லத் துணிந்த நேரம் ஒன்று இருந்தது, அது கடந்துபோயிற்று என்றுதான் எனக்குத் தோன்றியது. கோடை திரும்பியபோது அவளுக்குக் கால் வீக்கம் கண்டது. வேலைக்கு முடியாமல் வெம்பக்கோட்டைக்கு அருகில் தம்பி வீட்டுக்குப் போனாள். போகும்போது ஒவ்வொரு கட்டிலாக நின்று பார்த்துவிட்டுப் போனாள். ஆடி மாதம் அவள் இறந்துவிட்டாள் என்று சொல்லி அனுப்பினார்கள். செய்தி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எங்களில் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மதினி அன்று வேலையை விட்டு எழவில்லை. துணி துவைத்துக்கொண்டே, "என்ன சொல்ல வந்தாகளோ… என்ன சொல்ல வந்தாகளோ…" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மனதில் இருந்ததை எடுத்து வைத்துத் தன்னை மீட்டவளுக்குத் தன்னால் காது கொடுக்க முடியாமல் போய்விட்டதே என்பதுதான் அவளுடைய துக்கம். அந்தத் துக்கம் அவளைவிட்டுக் கடைசிவரை போகவில்லை.

அந்தத் தீபாவளிக்கு முன்னால் சிவகாசியில் பட்டாசு சீசன் சூடுபிடித்தது. கம்பெனிக்காரர்கள் ஊர் ஊராக ஆள் தேடினார்கள். பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை என்றாகிவிட்ட விடுதியில் ஆயாமார்களைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. இரண்டு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். ஆபத்துள்ள வேலைதான்; ஆனாலும் அங்கே பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் இருக்கும் என்று அவர்களில் ஒருத்தி போகிறபோது என்னிடம் சொன்னாள். அவர்களுக்குப் பதிலாக யாரும் வரவில்லை. ஒரு மத்தியானம் மதினி பெண்கள் கூடத்திலும் நான் ஊசி போடுவதிலும் சிக்கிக்கொண்டிருக்க, ஆண்கள் கூடத்தில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. மானேஜர் ஐயா வேறு வழியில்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தட்டை எடுத்தார்.

அங்கே வாதம் வந்த கிழவர் ஒருவர் இருந்தார். விழுங்க முடியாமல் வாயில் போட்டதைத் துப்பிவிடுவார். நான் வாசலருகே வரும்போது மானேஜர் ஐயாவின் சட்டையெல்லாம் கஞ்சி. அவர் மறுபடியும் ஊட்டினார். கிழவர் மறுபடியும் துப்பினார். மூன்றாவது முறை கஞ்சி அவர் முகத்தில் தெறித்தது. சடாரென்று மானேஜர் ஐயா கையை ஓங்கினார். கிழவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. மானேஜர் ஐயா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசலோடு திரும்பிப் போய்விட்டேன். அவர் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் கூடத்து வாசலில் வந்து நின்றார். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா? நீங்க உக்காரப் போகலியா?"

அவர் சாவியை ஜன்னல் திண்டில் வைத்தார். "நர்ஸம்மாவும் போங்க. நானும் சமையக்காரரும் இங்கன பாத்துக்கிடுதோம்."

அப்படித்தான் நான் முதல் தடவையாக அந்த வட்டத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்குப் பெரியக்காவுக்காக ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மழை நேரத்தில் கூடத்தில் ஒழுகினால் தன் முக்காட்டுத் துணியை எடுத்துக் கிழவிகளுக்குப் போர்த்திவிடுவாள் என்று ஒருத்தி சொன்னாள். காப்பியில் கருப்பட்டி போதாது என்று ஒருநாளும் குறை சொல்லாதவள், போகிற அன்றைக்கு மட்டும் சொன்னாள் என்று இன்னொருத்தி சொன்னாள். என் முறை வந்தபோது எனக்கு வார்த்தை வரவில்லை. மதினி என் தோளைத் தொட்டு, "சும்மா இருங்க நர்ஸம்மா. சொல்லணும்னு இல்ல. இருந்தாப் போதும்" என்றாள். நான் மதுரையில் படிக்கும்போது இறந்துபோன முதல் நோயாளியிலிருந்து அன்றுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுதேன். அழுது முடிக்கிறவரை அந்தப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைகள் நான் அங்கே இருந்தவரைக்கும் நின்றுபோகவில்லை. பிறகு எனக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆகி ஊர் ஊராக மாறிப் போனேன். விடுதியும் அறுபதுகளின் கடைசியில் மூடப்பட்டது. இருந்தவர்களை வெவ்வேறு இடங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். மதினி நெஞ்சில் சளி கட்டி மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கிடப்பதாகக் கேள்விப்பட்டு, பழைய ஆயாமார்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். எலும்பும் தோலுமாக இருந்தாள். நாங்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். மூச்சு வாங்க வாங்கப் பேசினாள்.

"அந்தக் கெழவிட்டச் சொன்ன சொல்லு இன்னும் போகல நர்ஸம்மா. போகாதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா நான் அதத் தனியாத் தூக்கலைல்ல?"

"இல்ல மதினி" என்றேன்.

"பெரியக்காதான் தனியாத் தூக்கிட்டுப் போயிட்டாக" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. நாங்கள் ஊர் திரும்பிய சில நாளில் போய்விட்டாள். அவளுக்காக ஆளுக்கு ஒன்று சொல்ல எங்களில் மூன்று பேர்தான் மிச்சம் இருந்தோம். சொன்னோம்.

இப்போது எனக்கு நடை இல்லை. மகன் வெளியூரில். திருத்தங்கலில் இந்த வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தியிருக்கிறார்கள். காலையில் என்னைக் குளிப்பாட்டிவிட்டு, மத்தியானம் இன்னொரு வீட்டில் படுக்கையில் கிடந்த பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போய்விட்டு, மறுபடியும் இங்கே வந்துகொண்டிருந்தாள். ஊரில் இப்படி வேலை செய்கிற பெண்கள் நிறைய இருக்கிறார்கள். ஒருத்தியை ஒருத்தி சாலையில் பார்த்தால் தலையசைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். ஒன்றாக உட்கார அவர்களுக்கு ஒரு கொட்டகை இல்லை.

போன வாரம் எனக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சிக்கு எடுக்கும்போது வலித்தது. நான் ஆ என்றேன். அவள் சீப்பைக் கட்டிலில் எறிந்தாள். "எம்புட்டுத்தான் நானும் பாக்கது? ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு!" என்று கத்தினாள். கத்தின மறுநிமிஷமே பயந்து போய், "மன்னிச்சுக்கோங்கம்மா, ஒங்க மகன்கிட்டச் சொல்லிராதீக" என்றாள்.

"சொல்ல மாட்டேன். இப்பிடி உக்காரு. சொல்லணும்னு இருந்தாச் சொல்லு. இல்லாட்டிச் சும்மா இரு" என்றேன்.

அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள். எறிந்த சீப்பை எடுத்து அதில் சிக்கியிருந்த முடியை உருவிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, மத்தியானம் பார்க்கப் போகிற வீட்டில் அந்தப் பெரியவர் முந்தின நாள் காலையில் இறந்துவிட்டார் என்றாள். இரண்டு வருஷமாகப் பார்த்தவராம். வீட்டுக்காரர்கள் வாசலிலேயே நிறுத்தி, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லையாம்.

"அவரப் பத்தி ஒண்ணு சொல்லு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "இட்லிய என்கிட்டப் பாதி குடுத்துட்டுத்தான் சாப்பிடுவாரும்மா" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பாதி சீவின தலையோடு நான் பக்கத்தில் இருந்தேன்.